இரு போகங்கள்

'போகம்' என்னுஞ் சொல் தமிழில் இருவேறு பொருள் பயப்பது. வயலில் ஒருமுறை விதைத்து அறுக்கும் விளைவு ஒரு பொருள். நுகர்ச்சி, இன்பம் என்பது மற்றொரு பொருள். வன்னிப் பெருநிலத்து உழவன் முன்னையதைக் காலபோகம், சிறுபோகம் என இரண்டாக வகுத்து, அவற்றின்வழியே தன் ஆண்டினை அமைத்துக்கொள்கின்றான். பின்னையதற்கு, அஃதாவது பாட்டு, கூத்து, நூல், திரைப்படம் ஆகியவற்றை நுகர்தற்கு, அவ்வாண்டில் உரிய இடம் யாது என்பது ஆராயத்தக்கதொரு வினாவாகும்.

வேலை மிகுந்த பருவத்திற் கலையைத் தொடர்தல் இயலாதென்பது பொதுவாக நிலவுங் கருத்து. அக்கருத்தினின்று மற்றொரு கருத்தும் கிளைத்தெழுகின்றது. ஆண்டின் பெரும்பகுதியை வயலிலே கழிக்கும் ஊர்கள் சுவையுணர்வில் நகரங்களுக்குப் பின்தங்கியவை என்பதே அது. புதிதாய் வந்த நூலை ஓர் ஊரார் அறிந்திலர், புதிய படத்தைக் கண்டிலர், புதிய பாட்டைக் கேட்டிலர் என்பன அதற்குச் சான்றாகக் கூறப்படும். இம்மதிப்பீட்டில் அடங்கியிருக்கும் அளவுகோல் பொருத்தமானதுதானா? ஒட்டுசுட்டானையும் அதன் அயற்கிராமங்களையும் முன்வைத்து இதனை நோக்குதல் பயனுடைத்து.

ஒட்டுசுட்டான் மாங்குளத்தினின்று முல்லைத்தீவு செல்லும் பெருவீதியில் அமைந்துள்ளது. பேராற்றை மறித்துக் கட்டப்பெற்ற முத்தையன்கட்டுக் குளம் அப்பகுதி வயல்களுக்கு நீரளிப்பது. புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் மாரியின் முதல் மழையோடு காலபோக விதைப்பு நிகழும். கார்த்திகையும் மார்கழியும் களைபிடுங்கும் காலமும் காவற் காலமுமாகும். யானைக்கும் பன்றிக்கும் குருவிக்கும் பயிரைக் காத்தல் உழுதலினும் பெருந்தொழில். தையும் மாசியும் அரிவுவெட்டுக் காலம். சித்திரையிற் குளத்து நீரைக்கொண்டு சிறுபோகம் தொடங்கி, ஆவணியளவில் முடிவுறும். இவ்வட்டத்தில் உழவன் முற்றும் ஓய்ந்திருக்கும் மாதங்கள் மிகச் சிலவே.

ஊரின் பெயரே இத்தொழிலோடு பிணைந்தது. குரக்கன் அறுத்தபின் எஞ்சிய ஒட்டுக்களை உழவனொருவன் சுட்டபோது, ஓரிடம் மாத்திரம் தீயில் வேகாது நிற்க, ஆங்கே இலிங்கம் வெளிப்பட்டது என்பது வழிவழி வழங்கும் ஐதீகம். ஒட்டைச் சுட்ட இடம் ஒட்டுசுட்டானாயிற்று. வேகாத வனம் வேகாவனமாயிற்று. ஆங்கு எழுந்தருளிய பெருமான் தான்தோன்றீசுவரர் எனப் பெயர் பெற்றார். அடுத்த விதைப்பிற்கு நிலத்தை ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தவன் முன்னே தெய்வம் தோன்றிற்று என்பதை இவ்வைதீகத்திற் காணலாம். அவன் தொழிலை விட்டு ஓய்ந்திருந்த வேளையை அது கூறவில்லை. இவ்வூரார் தம் கலைகளை நுகர்ந்த முறையும் இதனோடு ஒத்ததே.

தொழிலினூடே பாட்டு எழுதல் தமிழர்க்குப் புதிதன்று. புகாரினின்று மதுரை நோக்கிக் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரிக்கரை வழியே சென்ற செலவினைக் கூறும் நாடுகாண் காதையில், இளங்கோவடிகள் உழவர்தம் பாடல் வகைகளைப் பெயர் சுட்டி உரைக்கின்றார். நாற்று நடுவோர் பாடும் விருந்திற் பாணி, ஏரொடு நின்றோர் பாடும் ஏர்மங்கலம், களத்திற் கதிரைப் போரடிப்போர் பாடும் முகவைப் பாட்டு என்பன அவை. நடுகைக்கொன்று, உழவுக்கொன்று, களத்துக்கொன்று எனத் தொழிலின் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு பாட்டு அமைந்திருந்தமை ஈண்டுக் கருதத்தக்கது. வேலை முடிந்தபின் பாடுவதென்று ஒன்றை அடிகள் அங்குக் கூறவில்லை. மிகக் கடுமையான வேலையே பாட்டிற்குக் களமாயிற்று.

வன்னி நாட்டுப் பாடல்களும் இம்மரபின் வழிவந்தவையே. அரிவு வெட்டுவோர்க்கு அரிவுச் சிந்து உண்டு. பன்றிப் பள்ளு, குருவிச் சிந்து முதலியவற்றின் பெயர்களே அவை பிறந்த களத்தைக் காட்டுவன. சூடு மிதிக்கும் இரவுகளில் மாடுகளைச் சுற்றி நடத்திப் பொலி பாடும் வழக்கமும் இருந்தது. சிந்தின் சந்தம் அரிவாளின் வீச்சோடு ஒத்துச் செல்வது. வரிசையாய் நிற்போர் ஒரே கதியிற் கைவீச அது துணைசெய்யும். காவற் கொட்டிலில் இருப்பவன் உறங்காதிருக்கப் பாடுகின்றான். சூட்டுக்களத்தில் நிற்பவன் மாடும் தானும் சோராதிருக்கப் பாடுகின்றான். இப்பாடல்களின் யாப்பை ஆராய்வோர், அவற்றின் ஓசையைத் தொழிலின் அசைவினின்று பிரித்து நோக்கின், பாதியையே காண்பர்.

நூல் நுகர்ச்சியும் இவ்வாறே பருவத்தோடு பொருந்தியிருந்தது. கார்த்திகை நிறைமதியின் மறுநாள் தொடங்கி 21 நாள்கள் பிள்ளையார் கோயில்களில் வரதபண்டிதரின் பிள்ளையார் கதை படிக்கப்பெறும். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம் படிக்கப்பெறும். கந்தபுராண படனத்தில் ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் கேட்டிருப்பர். இவையெல்லாம் காலபோகப் பயிர் வளர்ந்துகொண்டிருக்கும் மாதங்களில் நிகழ்வன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பகலெல்லாம் களைபிடுங்கியவர் இரவிற் காவலுக்குச் செல்லுமுன் ஒரு நாழிகை கேட்டுச் சென்றனர். எழுத்தறியாதவரும் ஒரு காப்பியத்தின் கதையையும் சொல்லழகையும் ஆண்டுதோறும் பெற்றனர். ஓர் ஊருக்கு ஒரு நூல் போதியதாயிற்று. அது மீண்டும் மீண்டும் படிக்கப்பெற்றமையால் ஊரின் பேச்சிலும் கலந்தது.

அரிவுவெட்டு முடிந்து நெல் வீட்டுக்கு வந்தபின், கூத்திற்குரிய காலம் பிறந்தது. காத்தவராயன் கூத்தும் கோவலன் கூத்தும் விடியுமளவும் ஆடப்பெற்றன. வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வரும். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த நீரை வார்த்து விளக்கெரிக்கும் வழக்கு அப்பொங்கலோடு இயைந்தது. நாடுகாண் காதையில் உழவர் பாட்டைக் கேட்டு நடந்த கண்ணகி, வன்னி உழவனின் ஆண்டு நிறைவிலே தெய்வமாக வந்து நிற்றல், காப்பியத்தையும் வயலையும் இணைக்கும் ஓர் அரிய பொருத்தமாகும்.

இவற்றால் விளங்குவது யாதெனின், பண்டை ஊரில் எவரும் கலையைத் 'தொடர்ந்து சென்று' பற்றவில்லை. கலைக்கு ஆண்டில் இடம் வகுக்கப்பட்டிருந்தது என்பதே. கலைநுகர்ச்சி ஓய்வின் அளவைப் பொறுத்ததன்று. அதற்கு வகுக்கப்பெற்ற இடத்தைப் பொறுத்தது. ஓய்வு குன்றிய மாதங்களிலும் அவர்கள் கேட்டனர், பாடினர். ஓய்வு மிக்க மாதங்களிலும் இடம் வகுக்கப்படாவிடின் ஒன்றுங் கேளாது ஒழிதல் கூடும்.

எனினும், பழமையை முற்றும் பொன்னாகப் போற்றுதல் திறனாய்வுக்கு ஏற்றதன்று. அரிவுச் சிந்தைப் பாடியோரிற் பலர் பிறர் வயலிற் கூலிக்கு நின்றோர். பாட்டு அவர்தம் களைப்பை மறக்கச் செய்ததன்றிக் கூலியை உயர்த்தியதில்லை. புராண படனம் நிகழ்ந்த கோயில்களின் உள்ளே செல்ல அனுமதி பெறாது, வெளியே நின்று செவியிற் படுவதைக் கேட்டோரும் வடபுலத் தமிழ்ச் சமூகத்தில் இருந்தனர். எந்நூலைப் படிப்பது, யார் படிப்பது, யார் எங்கிருந்து கேட்பது என்பனவெல்லாம் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தன. இடம் வகுத்தல் என்பது சிலருக்கு இடம் மறுத்தலாகவும் இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

இவ்வரம்பை உடைத்தவை அச்சும் வானொலியுமே. கொழும்பினின்று வரும் நாளேடும் வானொலிப்பெட்டியும் வாயிலில் எவருடைய குலத்தையும் வினவவில்லை. 1967 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, நகருக்கும் காட்டோரக் கிராமத்துக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கொணர்ந்தது. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போன்ற தொடர் நாடகங்கள் குறித்த நாளில் குறித்த நேரத்தில் ஒலித்தன. வானொலியிற் புகழ்பெற்ற எஸ். ராம்தாசின் நகைச்சுவை நாடகம் 1976 இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாயிற்று. குறித்த நேரம் என்பது இங்கு முதன்மையானது. புராண படனத்திற்குப் போலவே தொடர் நாடகத்துக்கும் நாளும் பொழுதும் உண்டு. அதற்கேற்ப உழவர் குடும்பம் தன் வேலையை ஒழுங்குசெய்தல் இயன்றது. ஒரு பெட்டியைச் சுற்றிப் பலர் இருந்து கேட்டமையால், மறுநாள் வயலிற் பேசுவதற்கும் பொருள் இருந்தது. இங்ஙனம் புதிய கலை பழைய ஆண்டொழுங்கினுள் தனக்கோர் இடத்தைப் பெற்றுக்கொண்டது.

1970களில் வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவான பதிப்புக்களாக வெளியிடத் தொடங்கியமை மற்றொரு திருப்பம். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' அவ்வரிசையில் வந்து, 1978 இல் திரைப்படமும் ஆயிற்று. அதே வரிசையில் 1973 இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வன்னிக்கே உரியதாகிய நாவல். ஒட்டுசுட்டானைப் போன்றே குளமும் காடும் சூழ்ந்த முல்லைத்தீவுப் பகுதித் தண்ணிமுறிப்பு அதன் களம். கதிராமன், பதஞ்சலி, வெளியூரினின்று வந்த ஆசிரியன் சுந்தரலிங்கம் ஆகிய மூவரைச் சுற்றி அதன் கதை அமைந்துள்ளது. நிலத்துப் பொந்தில் வாழ்ந்து, உயரப் பறவாத பறவையின் பெயரே நாவலுக்குத் தலைப்பாயிற்று.

இந்நாவலின் சிறப்பினைப் பலரும் அதன் மண்வாசனையிற் கண்டுள்ளனர். அது பொருந்துவதே, ஆயினும் போதாது. வன்னியைப் புறத்தே நின்று வியக்கும் கண்ணோட்டம் மண்வாசனை என்னுஞ் சொல்லில் ஒளிந்துள்ளது. நாவலின் உண்மையான வலிமை, தொழிலும் பருவமும் பாத்திரங்களின் இயல்பை வகுக்கும் முறையிலேயே உள்ளது. காடும் குளமும் மழையும் அங்குப் பின்னணி ஓவியங்களாய் நில்லாமல், மாந்தர் எடுக்கும் முடிவுகளுக்குக் காரணங்களாகின்றன. காட்டோடு போராடி வாழ்வமைப்பவனுக்கும் சம்பளத்திற்கு வந்த ஆசிரியனுக்கும் காலம் ஒரே வகையிற் செல்வதன்று என்பதை ஆசிரியர் உணர்ந்தெழுதினார். அளவிற் சிறிய இந்நூல் களைபிடுங்கும் காலத்திலும் சில இரவுகளிற் படித்து முடித்தற்கு இயல்வது. படிப்பவன் மறுநாள் இறங்கும் வயலும் நூலில் வரும் வயலும் ஒன்றாதலின், நூலை மூடியபின்னரும் அது மூடப்படுவதில்லை. பின்னர்த் தாமரைச்செல்வி 'பச்சை வயல் கனவு' முதலிய நாவல்களில் வன்னி உழவர் வாழ்வை எழுதியதும் இத்தடத்தின் தொடர்ச்சியெனலாம்.

வேலை மிகுந்த பருவம் என்பதன் மிகக் கொடிய வடிவினை இந்நிலம் போர்க்காலத்திற் கண்டது. 1990களிற் பொருளாதாரத் தடையின் கீழ் மின்கலமும் எரிபொருளும் அரிதாகிய வேளையில், மின்சாரமற்ற வீடுகளில் மிதிவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர் வடபுல மக்கள். ஒருவர் மிதிக்கப் பிறர் கேட்டனர். கால் ஓய்ந்தாற் குரலும் ஓய்ந்தது. செய்திக்காகவே பெரும்பாலும் அம்முயற்சி எனினும், செய்தியின் முன்னும் பின்னும் வந்த பாட்டையும் அவர்கள் இழக்க விரும்பவில்லை. சுவையுணர்வு ஓய்வின் பிள்ளை என்று கருதுவோர்க்கு இந்த ஒரு காட்சியே போதிய மறுப்பாகும். 2009 இன் தொடக்கத்தில் ஒட்டுசுட்டான் உட்பட அப்பகுதி மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தபோது, ஏட்டையும் நூலையும் சுமந்து செல்லும் நிலை எவர்க்கும் இருக்கவில்லை. மீண்டு வந்தபோது காடு வயலை மூடியிருந்தது. முதலிற் காட்டை வெட்டுதல் வேண்டியிருந்தது, நூல்கள் பின்னரே.

இன்றைய நிலை முன்னையவற்றினின்று வேறுபட்டது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கி, பலர் பல நாள் செய்த அரிவையும் சூடுமிதிப்பையும் சில மணி நேரத்தில் முடித்துவிடுகின்றது. முதுகு ஒடியும் வேலை ஒழிந்தமை நன்றே. அதனை எவரும் மீட்க விரும்பார். ஆயின், அரிவாளின் வீச்சுக்கென்று அமைந்த சிந்து தன் களத்தை இழந்தது. சூட்டுக்களம் இன்மையாற் பொலி பாடுவார் இலர். பாடல்களை அச்சிற் பதித்தமையால் அவற்றின் சொற்கள் ஒருவாறு காக்கப்பட்டுள்ளன. இசையும் கதியும் முதியோரின் தொண்டையிலேயே இன்றும் இருக்கின்றன. அவர்களோடு அவை மறைதல் கூடும்.

மீதமாகிய பொழுது எங்குச் சென்றது? பெரும்பாலும் கைத்தொலைபேசிக்கே. திரைப்படமும் பாட்டும் நாடகமும் இன்று எந்நேரமும் எவ்விடத்தும் கிடைப்பன. அவற்றுக்குத் தையென்றும் மாசியென்றும் வேறுபாடில்லை. செவ்வாயென்றும் வெள்ளியென்றும் குறித்த நாளில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்பதால், ஒருவர் கேட்டதை மற்றவர் அறியார். வெளிவருவன நாள்தோறும் பெருகுதலின், அனைத்தையும் அறிந்துவிட முயல்பவன் என்றும் பின்தங்கியவனாகவே தன்னை உணர்வான். ஊரை மாத்திரம் அன்று, நகரையும் இந்நிலை தாக்குகின்றது. பின்தங்குதல் என்னும் குற்றச்சாட்டை முன்னர் ஊரின்மேற் சுமத்தியோர், இப்போது அதனைத் தம்மேலும் சுமத்திக்கொள்ள நேர்ந்துள்ளது.

இதனால் அவ்வளவுகோலின் குறை தெளிவாகின்றது. எத்தனை நூல், எத்தனை படம் என எண்ணுவது வணிகனின் கணக்கு. ஒரு போகத்தில் ஒரு நூல் ஓர் ஊரின் பேச்சிற் கலந்ததா, ஒரு பாட்டு ஒருவர் வாயினின்று மற்றொருவர் வாய்க்குச் சென்றதா என வினவுவதே திறனாய்வாளன் கணக்காதல் வேண்டும். அக்கணக்கில், ஆண்டுதோறும் ஒரே புராணத்தைக் கேட்ட ஊர் ஏழ்மையுற்றதன்று. நாளொன்றுக்கு நூறு காணொளிகளைத் தள்ளிச் செல்லும் விரல் செல்வமுற்றதும் அன்று.

மாணவர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. க. பொ. த. சாதாரணதரப் பரீட்சை நெடுங்காலம் மார்கழியில், காலபோகத்தின் நடுவிலேயே, நடைபெற்றது. உழவர் வீட்டுப் பிள்ளை பாடநூலையும் பயிர்க்காவலையும் ஒருங்கே சுமந்தான். பரீட்சைக்கு வேண்டாத நூலைத் தொடுதல் அவனுக்குக் குற்றமாகக் கூறப்பட்டது. அவ்வாறு கூறியோர் அவனுடைய பொழுதைக் காத்தனர் எனினும், நூலுக்கு அவன் வாழ்வில் இருந்த இடத்தை அழித்தனர். பரீட்சை முடிந்தபின் பொழுது மீண்டது, இடம் மீளவில்லை.

இடத்தை மீள வகுத்தல் அரிதன்று. போகத்துக்கு ஒரு நூல் எனப் பாடசாலையோ வாசிகசாலையோ தெரிந்து, வாரத்தில் ஒரு மாலை ஒருவர் படிக்கப் பிறர் கேட்கலாம். படனத்தின் நன்மையை அதன் வேலிகளின்றிப் பெறுதற்கு இதுவே வழி. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபின், அச்சுநூல்களின் நிலையின்மையை உணர்ந்த தமிழுலகில் 2005 இல் நூலகம் என்னும் இணைய நூலகம் தோன்றியது. ஈழத்து நூல்களும் இதழ்களும் பல்லாயிரக்கணக்கில் அதன் வழியே கிடைக்கின்றன. கைத்தொலைபேசி ஒன்றே நூற்பெட்டியும் ஆதல் கூடும். அக்கருவியே முதியோரின் அரிவுச் சிந்தை ஒலியோடு பதிவுசெய்யவும் வல்லது. ஒரு தை மாதத்து மாலைகள் சில இப்பணிக்குப் போதும். பாடுவார் உள்ளபோதே அது நிகழ்தல் வேண்டும்.

காலபோகம் பொய்த்தாற் சிறுபோகம் உண்டு என்பது உழவனின் நம்பிக்கை. ஆயினும் விதைநெல்லை அவன் ஒருபோதும் உண்டு தீர்ப்பதில்லை. வறுமையிலும் அதற்கெனக் கூடையொன்று வீட்டில் ஒதுக்கப்பட்டிருக்கும். மற்றைப் போகத்துக்கும் அத்தகையதொரு கூடை வேண்டும்.